எதிர்க்கட்சிக்கு விழுந்த ஓட்டு

சம்பளம் கிடையாது, படி கிடையாது, போன் செலவு கூடக் கைக்காசுதான். அப்படிப்பட்ட பதவியைப் பறித்துக்கொள்ள யார் வரப்போகிறார்? அதனால் பல்செட் அக்கா கட்சியின் கிளைத் தலைவராக நிம்மதியாக இருந்தாள். பகலெல்லாம் அவளுக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் தேய்த்து மெருகேற்றித் தருவாள். ஊரில் வாய்விட்டுச் சிரிக்கிற பெரியவர்கள் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. சாயங்காலம் ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு, டயர் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையின் பூட்டைத் திறப்பாள். அதுதான் கட்சி அலுவலகம்.

கட்சியும் ஒன்றும் ஊரை ஆட்டிப்படைக்கிற கட்சி அல்ல. நகரசபையில் ஒரே ஓர் உறுப்பினர். அவரும் அடுத்த வட்டாரத்துக்காரர். ஆனாலும் தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பென்ஷன் வரவில்லை என்று மாடிப்படி ஏறி வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜெயித்த கட்சிக்காரர்களைப் பார்க்கக் காத்துக் கிடக்க வேண்டும். தோற்ற கட்சிக்காரர்கள் எப்போது போனாலும் கிடைப்பார்கள். அக்கா எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பாள், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நகரசபை அலுவலகத்துக்கு ஓடுவாள், அங்கே இருப்பவர்களின் உயிரை எடுப்பாள். அவள் தலையைக் கண்டாலே சுகாதாரப் பிரிவு எழுத்தர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சில்லை, நிஜம்தான்.

வீட்டில் மட்டும் வேறு பாட்டு. அவள் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். அவரும் அலைந்துவிட்டு வந்து பசியோடு உட்கார்ந்திருப்பார்.

"இது உனக்குத் தலையெழுத்தா? யாருகிட்டயாவது கொடுத்துட்டு வீட்டுக்கு வாயேன்."

"எனக்கு மட்டும் ஆசையா என்ன? வேற ஆள் இல்லையே. முறையா ஒருத்தர் வரட்டும், அன்னைக்கே சாவியைக் கொடுத்துட்டு வந்துடுறேன்."

"நெசமா?"

"சத்தியமா."

இந்தப் பேச்சு வருடக்கணக்காக ஒரு சொல் மாறாமல் நடந்துகொண்டிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. தான் சொல்வதை அவளே நம்பிக்கொண்டிருந்தாள், அதுதான் விஷயம்.

வேற ஆள் இல்லை என்று சொன்னதில் ஒரு சின்ன திருத்தம். ஓர் ஆள் இருந்தார். எங்கேயோ ஒரு கிளையில் அப்பன், மகன், மருமகன் என்று போட்டியே இல்லாமல் பதவியைக் கைமாற்றிக்கொண்டே போனதால், போட்டியில்லாத தேர்தல் செல்லாது என்று மேலிடம் ஒரு விதி போட்டிருந்தது. ஆகவே வருடாவருடம் அக்காவை எதிர்த்து ஒப்புக்கு ஒருவர் நிற்க வேண்டும். அந்த வேலையைத் தட்டாமல் செய்துவந்தவர், ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு மனிதர். கட்சிக்காரர்கள் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "எதிர்க்கட்சி வந்தாச்சு, கூட்டத்தை ஆரம்பிங்க" என்று அவரே சொல்லிக்கொண்டு படியேறுவார்.

ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஓட்டே விழாது. ஒன்று கூட விழாது. அதாவது அவரும் தன் ஓட்டை அக்காவுக்குத்தான் போடுவார். முடிவு வாசித்ததும் முதலில் கைதட்டுவதும் அவர்தான். பிறகு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவார்.

இந்த வருடத் தேர்தலுக்கு அவர் தனியாக வரவில்லை. கூட்டம் முடிந்து இருவரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அதனால் மனைவியையும் கூட்டிவந்துவிட்டார். அந்த அம்மாள் கட்சி அலுவலகத்தை அதுவரை பார்த்ததே இல்லை. நல்ல உடை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் தண்ணீர் கேன் எடுத்துவரக் கீழே போன நேரத்தில் அக்கா அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"வாங்க அண்ணி. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"இவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார், தங்கச்சி. நான்தான் ஒரு தடவையாவது பார்க்கணும்னு வந்தேன்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு வருஷமும் கொஞ்சத்துல போயிடுதாமே? போன தடவை ஒரே ஒரு ஓட்டுலயாம். ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. நீங்க விட்டுக்கொடுங்கன்னு சொல்ல வரலை, அது முறையில்லை. எப்படியும் அவர் மனசு விட்டுடக் கூடாது, அவ்வளவுதான்."

அவருக்கு ஒரு ஓட்டு கூட விழுந்ததில்லை என்று அக்கா எப்படிச் சொல்வாள்? "அதெல்லாம் கடுமையான போட்டிதான் அண்ணி" என்று ஒரு மாதிரி சமாளித்துவிட்டு, பேனா தேடுகிற பாவனையில் நகர்ந்தாள்.

அவள் நகர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை. ஓட்டுப் போட அறைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கதவோர நாற்காலியைத் தாண்டித்தான் வர வேண்டும். பேக்கரிக்காரர் வந்தார், டீச்சர் வந்தார், அச்சகக்காரர் வந்தார். எல்லாரிடமும் அந்த அம்மாள் பிரியமாகப் பேசினாள். எல்லாரிடமும், தனித்தனியாக, குரலைத் தாழ்த்தி, அதையே சொன்னாள்.

தேர்தல் நடத்த மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்திருந்தார். சட்டைப்பையில் நாலைந்து பேனாவும் முகத்தில் அவசரமுமாக இருந்தார். எதிர்க்கட்சி தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"சார், யாரு ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொன்னா போதாதா? ஓட்டுக் கணக்கெல்லாம் எதுக்கு?"

"ரெண்டு பேர் ஓட்டையும் சத்தமா வாசிக்கணும். விதி."

"ஓரமா என்கிட்ட மட்டும்…"

"விதிங்க."

எதிர்க்கட்சி கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். உட்காரும்போது மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் வீட்டில் தான் ஒரு பெரிய ஆள் என்று சொல்லிவைத்திருக்கிறார் மனிதர். யாருக்கு என்ன நஷ்டம்? இப்போது அத்தனை பேர் முன்னால், கட்டின மனைவி முன்னால், ஓட்டே இல்லை என்று வாசிக்கப்போகிறார்கள். சீட்டு கைக்கு வந்ததும் அக்கா யோசிக்கவே இல்லை. அவர் பெயரை எழுதி, நாலாக மடித்து, ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போட்டாள். ஒரு ஓட்டுக் குறைந்தால் தனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். மானத்தைக் காப்பாற்ற ஒரு ஓட்டுப் போதும்.

பார்வையாளர் சீட்டுகளைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு யாரையும் தெரியாதே. எழுந்து நின்று, விதிப்படி சத்தமாக வாசித்தார். பல்செட் அக்காவுக்கு விழுந்தது ஒரே ஓர் ஓட்டு. மற்ற அத்தனையும் எதிர்க்கட்சிக்கு.

கீழே டயர் கடையில் எதையோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கதவோரத்தில் அந்த அம்மாள் கைப்பையைக் கீழே நழுவவிட்டு, எழுந்து, கைதட்ட ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் எல்லாரும் தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். எதிர்க்கட்சி மட்டும் தட்டவில்லை. வழக்கமாக முதலில் தட்டுகிறவர், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பேக்கரிக்காரர் பார்வையாளரைப் படிக்கட்டுவரை துரத்திக்கொண்டு போய், இன்னொரு தடவை ஓட்டெடுப்பு வைக்க முடியுமா என்று கெஞ்சினார். முடியாது. ஜெயித்தவரே ராஜினாமா செய்தால் தோற்றவருக்குப் பதவி தானாக வந்துவிடும், வேறு வழி கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார். புதுத் தலைவரை அவர் மனைவி சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் ஒவ்வொருவராக அக்காவை ஓரம் கட்டினார்கள்.

"அக்கா, அந்த ஒரு ஓட்டு என்னோடதுதான்" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் மாறவே இல்லை அக்கா, அந்த ஒண்ணு நான் போட்டது" என்றார் டீச்சர், கண்ணைப் பார்க்காமல்.

அச்சகக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மற்றவர்களும் சொன்னார்கள். ஒற்றை ஓட்டுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் கிளம்பியதைப் பார்த்ததும் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் மட்டும்தான் இரக்கப்படுகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்து, மிச்சப் பேர் அக்காவைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் போட்டிருக்கிறார்கள். ஒருவரையும் திட்ட முடியவில்லை. அவர்கள் செய்ததைத்தான் அவளும் செய்திருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது கணவர் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தலைவரே. எல்லாம் வழக்கம்போலதானே?"

"தோத்துட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"சரி. முறையா ஆள் வந்தா கொடுத்துடுறேன்னு சொன்னே. வந்தாச்சு" என்றார் மெதுவாக.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பதவி போன துக்கம். அந்தப் பதவிக்குத் தனி நாற்காலி இல்லை, மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை. ஆனாலும் சாயங்காலம் அந்தப் பூட்டைத் திறக்கிறபோது தானும் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றும். அது இனி இல்லை.

"எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துதுங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் விடு விடுன்னு அரிச்சீங்களா?"

"ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு எனக்காகத் தியாகம் பண்ற மாதிரியே பேசினியே, அதான் எரிச்சல். பிடிச்சிருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?" அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்த மனுஷன் நாளைக்கே வந்து வேண்டாம்னு சொல்லிடுவார். நீ பேசாம வாங்கிக்கோ."

அக்காவும் அதைத்தான் நினைத்திருந்தாள். அவர் ராஜினாமா என்று சொல்வார், இவள் ஒப்புக்கு ஒரு தடவை சேச்சே என்பாள், அவர் வற்புறுத்துவார், இவள் சரி என்பாள். முழுவதையும் மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பட்டறைக்குப் போனாள். அலுவலகச் சாவி அவள் பையிலேயே இருந்தது.

மத்தியானம் எதிர்க்கட்சி வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். பட்டறை முழுக்கப் பிளாஸ்டர் தூசி பறந்துகொண்டிருந்தது. அவர் கதவருகேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணே."

"காலைலயே வந்திருப்பேன் தலைவரே. வீட்டு வாசல்ல ஆள் வந்துட்டாங்க. இவ தெரு முழுக்கச் சொல்லிட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சாக்கடை விஷயம்."

அந்தச் சாக்கடைக்காக அக்கா எத்தனை நாள் அலைந்திருக்கிறாள் என்பது அவளுடைய தேய்ந்த செருப்புக்குத்தான் தெரியும். "அதான், அந்த எழுத்தர் பிடி கொடுக்க மாட்டேங்கறாரே" என்றாள்.

"நானும் போனேன். என்னைப் பார்த்ததும் டீ குடிக்கணும்னு எழுந்துட்டார். கூடவே லிப்ட்ல ஏறிட்டேன். மேல் மாடியிலேர்ந்து கீழ வர வரைக்கும் லிப்ட்டுக்குள்ள ஒருத்தனால எங்க போக முடியும்? கதவு மூடினதும் பேச ஆரம்பிச்சேன். கீழ இறங்கறதுக்குள்ள சரின்னுட்டார். இப்ப அங்க ஆள் வேலை பார்த்துக்கிட்டிருக்கான்."

அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது. இரண்டும் உண்மை.

அவர் தொண்டையைச் செருமினார். "அதை விடுங்க. நான் ராஜினாமா பண்ணத்தான் வந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், எழுதிக் கொடுத்துடறேன். வீட்டுல நான் விட்ட பீலாவால வந்த வினை இது. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"கேளுங்க."

"உங்களுக்கு விழுந்துதே ஒரு ஓட்டு, அது என்னோடது. எப்பவும் உங்களுக்குத்தான் போடுவேன், நேத்தும் அப்படித்தான். அது நெசமான ஓட்டு தலைவரே, நீங்க நல்லாச் செய்வீங்கன்னு போட்டது." அவர் நிறுத்தினார். "எனக்கு அத்தனை விழுந்துதே, அதுல ஒண்ணாவது நெசமா?"

அக்காவின் கையில் பாதி மெருகேற்றிய பல்செட் இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் மனம் குளிரும். ஆனால் அது அவர் வீட்டில் சொன்ன அதே மாதிரிப் பொய். இல்லை என்று சொன்னால் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார், சாவி பையிலேயே இருக்கும். எது தனக்கு வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்லண்ணே" என்றாள் கடைசியில். "ஒண்ணு கூட நெசமில்லை. அண்ணி முன்னாடி உங்களுக்கு அவமானம் ஆகக் கூடாதுன்னு எல்லாரும் போட்டாங்க. நானும்தான் உங்களுக்குப் போட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்த பதில்தான் போலிருந்தது, இருந்தாலும் முகம் சின்னதாகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பேப்பர் இருந்தா கொடுங்க."

"பேனாவை உள்ள வைங்க." அவளே எதிர்பார்க்காத கோபம் குரலில் வந்தது. "இத்தனை வருஷம் உங்களை நிக்க வச்சு வேடிக்கை பார்த்தோம். நேத்து இரக்கப்பட்டு ஜெயிக்க வச்சோம். இப்ப நீங்க வேற எனக்கு இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப் போறீங்களா? எனக்கு வேண்டாம். எனக்கு அந்தப் பதவி ரொம்ப வேணும், ஆனா இப்படி வேண்டாம்."

பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கொடுக்கும்போது விரல் விட மாட்டேன் என்றது, விட்டாள்.

"ஜன்னலைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், தலைவரே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்பதுபோல. பிறகு சாவியைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த வருஷம் என்னை எதிர்த்து யாரு நிப்பா? போட்டி இல்லாட்டி செல்லாதே."

"நான் நிப்பேன்."

"ஒப்புக்கா?"

"ஒப்புக்கு நிக்கற ஆளா நான்? உங்களைத் தோக்கடிக்கத்தான் நிப்பேன். வீடு வீடா ஓட்டுக் கேப்பேன். நீங்க என்ன செஞ்சீங்க, என்ன செய்யலைன்னு எல்லாத்தையும் பேசுவேன். பார்த்துக்கங்க."

எதிர்க்கட்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. நேற்று அத்தனை ஓட்டு விழுந்தபோது வராத சந்தோஷம் இப்போது அவர் முகத்தில் வந்தது. ஆயுளில் முதல் தடவையாக ஒருவர் அவரைத் தோற்கடிக்க வேண்டிய ஆளாக மதித்திருக்கிறார்.

"நெசமாவா?" என்றார்.

"நெசமா."

"சரி" என்றார் அவர். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாக்கடை வேலை முடிந்ததா என்று பார்க்கப் போனார். அக்கா பல்செட்டை எடுத்து மிச்ச மெருகைப் போட்டு முடித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் நேராக வீட்டுக்கு வந்ததைப் பார்த்துக் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாவி?"

"கொடுத்துட்டேன்."

அவர் எழுந்துபோய் அடுப்பில் ஏதோ ஏற்றி வைத்தார். இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டார்கள், அது எத்தனையோ நாளைக்குப் பிறகு நடந்தது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அக்கா முகம் கழுவினாள், தலை வாரினாள், செருப்பை மாட்டினாள்.

"இப்ப எங்க கிளம்பிட்ட? அதான் எல்லாம் முடிஞ்சுதே?"

"பேக்கரிக்காரர் வீட்டுக்கு. அந்த ஒரு ஓட்டு என்னோடதுன்னாரே, அடுத்த தடவை நெசமாவே போடச் சொல்லிட்டு வரேன்."

"அடியே, தேர்தலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா, கதவைத் திறந்துகொண்டே. "எதிராளி காலைலயே வேலையை ஆரம்பிச்சுட்டார்."